புரொஜெக்டரில் மெனு தெரிகிறது, படம் போட்டால் மட்டும் திரை ஏன் இருண்டுபோகிறது?

ராயபுரத்து வீட்டுச் சுவரில் பெரிதாகப் படம் பார்க்க ஆசை. ஃபயர் டிவி ஸ்டிக்கைப் பழைய புரொஜெக்டரில் செருகுகிறீர்கள். மெனு பளிச்சென்று வருகிறது. படத்தைப் போட்டதும் ஒரே இருட்டு! ஏன்?

துறைமுகத்துக்குள் போக எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாத லாரிக்கு வாசல் திறக்காது. ஸ்டிக்கையும் புரொஜெக்டரையும் சேர்க்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பிலும் அப்படியொரு வாசல் உண்டு. அதன் பெயர் எச்.டி.சி.பி. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்க இன்டெல் உருவாக்கிய ஏற்பாடு இது.

எப்படி நடக்கிறது? புரொஜெக்டரால் எவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும் என்று ஸ்டிக் முதலில் விசாரிக்கிறது. அடுத்து, இரண்டு கருவிகளிலும் உள்ள ரகசிய எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. பொருந்தினால், படத்தை யாருக்கும் புரியாத எண்களாகக் குழப்பி அனுப்பும். புரொஜெக்டர் அதைச் சீராக்கிக் காட்டும். பொருந்தாவிட்டால் படம் கிளம்பவே கிளம்பாது. மெனுவுக்குப் பெரும்பாலும் இந்தச் சோதனை இல்லை.

இடையில் எச்.டி.எம்.ஐ.-யை வி.ஜி.ஏ.-வாக மாற்றும் கருவி இருந்தாலும் இதே கதிதான். வி.ஜி.ஏ. இணைப்பில் ரகசிய எண்ணைக் காட்ட வழியே இல்லை.

என்ன செய்யலாம்? அந்தக் கருவியை நீக்கி நேரடியாகச் செருகுங்கள். ஸ்டிக்கின் படத் துல்லியத்தை 4கே-யிலிருந்து 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். புதிதாகப் புரொஜெக்டர் வாங்கினால், எச்.டி.சி.பி.-யின் 2.2 பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.