வீடு தேடி வரும் வாத்தியம்

ஸ்பெயின் தேசத்தின் கீழ்க்கரையில் அமைந்துள்ளது வலென்சியா மாநிலம். ஆரஞ்சுத் தோட்டங்களும் நெல்வயல்களும் நிறைந்த அம்மண்ணில், பங்குக் கோயில் இல்லாத ஊர் எவ்வளவு அரிதோ, வாத்தியக் குழு இல்லாத ஊரும் ஏறக்குறைய அவ்வளவு அரிது. 500-க்கு மேற்பட்ட இசைச் சங்கங்கள் அங்கே உள்ளன. அவற்றில் வாசிப்போரின் தொகை 40,000-க்கும் அதிகம். இவர்களுள் பெரும்பாலோர் இசையைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். பகலெல்லாம் தத்தம் தொழிலைக் கவனித்துவிட்டு, இரவில் ஒத்திகைக்கு வருபவர்கள்.

லிரியா என்னும் ஊரின் முதற்குழுவை 1819-ல் தோற்றுவித்தவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒருவர். இருநூறு ஆண்டுகளைக் கடந்து அக்குழு இன்றும் வாசித்து வருகிறது.

இக்குழுக்கள் நிலைத்து நிற்பதன் இரகசியம் யாது? சங்கத்தில் வாசிப்போர் மட்டுமன்றி, கருவியைத் தொட்டறியாத குடும்பத்தினரும் உறுப்பினராகிச் சந்தா செலுத்துகின்றனர். சங்கமே இசைப் பள்ளியையும் நடத்துகிறது. சிறு பிள்ளைகள் சுரங்களைப் படிக்கக் கற்றுப் பின்னர் கருவியைக் கையிலெடுக்கின்றனர். வாங்க வசதியற்ற பிள்ளைக்குச் சங்கமே கருவியை இரவலாகக் கொடுப்பதுண்டு. மேலைநாட்டுப் பேரிசைக் குழுக்களில் வயலின்கள் ஏற்கும் பகுதியை இங்கே கிளாரினெட்டுகள் ஏற்கின்றன. பாட்டனாரும் பேத்தியும் ஒரே வரிசையில் அமர்ந்து வாசிப்பது அங்கே புதுமையன்று. சூசையப்பர் திருநாளாயினும், பாதுகாவலரின் தேர்ப்பவனியாயினும், ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும் கச்சேரியாயினும் குழுவினரே முன்னிற்பர்.

இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாள் நவம்பர் 22. அதையொட்டி நடைபெறும் வழக்கம் ஒன்று உள்ளத்தைத் தொடுவது. அவ்வாண்டு குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளை தானாக நடந்து வந்து சேர்வதில்லை. குழு முழுவதும் வாசித்துக்கொண்டே அப்பிள்ளையின் வீட்டு வாசலுக்குச் செல்லும். பெற்றோரும் உற்றாரும் பார்த்து நிற்க, பிள்ளை கருவியுடன் வெளியே வந்து அணியில் சேரும். பின்பு அடுத்த பிள்ளையின் வீடு. இவ்வாறு ஊரே தன் மக்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொள்கிறது.

2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் பெருவெள்ளம் புகுந்து 220-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பல சங்கங்களின் கூடங்கள் சேற்றில் அமிழ்ந்தன. கருவிகளும், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த இசைத்தாள்களும் பாழாயின. செசிலியம்மாளின் திருநாளுக்கு அப்போது எஞ்சியிருந்தவை 24 நாட்களே! ஆயினும் பிற ஊர்க் குழுக்கள் வாளாவிருக்கவில்லை. உதவிக் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டின. கருவிகளை நன்கொடையாக அனுப்பின.

பித்தளைக் குழலை மீண்டும் வாங்கலாம். கூடத்தைக் கழுவிப் புதுப்பிக்கலாம். ஆனால், கருவி யாவும் சேற்றில் போன பின்னும் குழு கலையாதிருப்பது பணத்தால் ஆவதன்று. "நீ எங்களுக்கு வேண்டும்" என்று என்றோ ஒரு நாள் வீடு தேடி வந்து அழைத்தவர்களை எவர்தாம் எளிதில் விட்டுப் பிரிவர்? நம் பங்கின் பாடகர் குழுவில், இளைஞர் சபையில், மறைக்கல்வி வகுப்பில் ஆள் குறைந்துவிட்டதென்று வருந்துகிறோம். கோயில் அறிவிப்போடு நின்றுவிடாமல், ஒரு பிள்ளையின் வாசல் வரை நாம் நடந்து சென்றதுண்டா?