நாலு சக்கரம் கொடுக்கும் தைரியம்

குடகுக்கோ வயநாட்டுக்கோ கோவாவுக்கோ சுற்றுலா போகிற குடும்பங்கள் அங்கே ஏடிவி என்ற வண்டியைப் பார்த்திருக்கும். துபாய் போனவர்கள் பாலைவன மணல்மேட்டில் குவாட் பைக் என்ற பெயரில் இதையேதான் ஓட்டியிருப்பார்கள். பருத்த டயர்களோடு நாலு சக்கரம், பைக்கில் இருப்பது மாதிரி ஹேண்டில்பார், இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார ஒரு நீளமான சீட். லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ஊரில் ஸ்கூட்டரை எடுத்தால் ஹெல்மெட்டைத் தேடுகிற அதே ஆள், இதில் ஏறும்போது தேடுவதில்லை. நாலு சக்கரம் இருக்கிறதே, எங்கே விழப்போகிறோம்? ரோடும் இல்லை, எதிரே லாரியும் இல்லை. வேகமும் இருபது முப்பதைத் தாண்டாது. இப்படித்தான் நினைக்கிறோம். அந்த நினைப்பு ஒவ்வொன்றும் ஆபத்தானது.

இந்த வண்டிகள் அதிகம் ஓடுகிற அமெரிக்காவில், இவற்றாலும் இவற்றைப் போன்ற காட்டுப்பாதை வண்டிகளாலும் ஆண்டுக்குச் சராசரியாக 700 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில் இருக்கிறார்கள்.

ஏன் கவிழ்கிறது?

1970இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் வண்டிக்கு மூன்று சக்கரம்தான். அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988இல் அமெரிக்க அரசோடு உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. நாலாவது சக்கரம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மேம்பட்டதே தவிர, கவிழ்வது நிற்கவில்லை.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கல்லும் கட்டையும் அடியில் தட்டாமல் போக வேண்டும் என்பதற்காக வண்டியை உயரமாக வைத்திருக்கிறார்கள். மரங்களுக்கு இடையே நுழைய வேண்டும் என்பதால் அகலம் குறைவு. உயரம் அதிகம், அகலம் குறைவு, மேலே ஓர் ஆளின் எடை என்று மூன்றும் சேர்ந்தால் சரிவில் எளிதாகச் சாயும். பல மாடல்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகவே சுழலும். காரில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுழலும். இங்கே அதற்கு வழியில்லை. அதனால் ஓட்டுகிறவர் தன் உடம்பைச் சாய்த்து, எடையை மாற்றி மாற்றித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். பழகியவர்களுக்கு அது தானாக வரும். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறியவருக்கு எப்படி வரும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பைக்கில் கைப்பிடியைத் திருகி வேகம் கொடுக்கிறோம். இதில் வலது கட்டைவிரலால் ஒரு சிறிய நெம்புகோலை அழுத்த வேண்டும். வண்டி குழியில் இறங்கித் தூக்கிப்போட்டால் யாராக இருந்தாலும் ஹேண்டில்பாரை இறுகப் பிடிப்பார்கள். பிடி இறுகும்போது கட்டைவிரலும் சேர்ந்து அழுந்திவிடும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி பாயும்.

அந்த நீளமான சீட்டைப் பார்த்து இரண்டு பேர் உட்காரலாம் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான ஏடிவிகள் ஒருவர் மட்டுமே ஓட்டுவதற்கானவை. மேட்டில் ஏறும்போது முன்னே நகரவும் இறங்கும்போது பின்னே நகரவும்தான் சீட்டை நீளமாக வைத்திருக்கிறார்கள். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடும், எடை முழுவதும் பின்பக்கம் சேரும். செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் எழும்பி, வண்டி அப்படியே மல்லாக்கச் சாய்ந்துவிடும். இருநூறு முந்நூறு கிலோ எடையுள்ள வண்டி அது.

தலைக்கு என்ன ஆகிறது?

சீட் பெல்ட் இல்லை, சுற்றிலும் கம்பிக்கூடும் இல்லை. வண்டி சாய்ந்தால் ஆள் தூக்கி எறியப்படுவார். காட்டுப்பாதையில் விழும் இடத்தில் பாறையோ வெட்டுமரக் கட்டையோ இருக்கும்.

வேகம் குறைவுதானே என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியிலிருந்து ஒருவர் சரிந்து, அவர் தலை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதினாலே, மோதும் நேரத்தில் அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி ஓடவே வேண்டாம். பாறையில் மோதும் மண்டையோடு ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. உள்ளே திரவத்தில் மிதக்கும் மென்மையான மூளை உடனே நிற்பதில்லை. மோதிய பக்கத்தில் ஒரு முறை அடிபட்டு, எதிர்ப்பக்கத்திலும் போய் இடிக்கும். தலை சுழன்றபடி மோதினால் மூளைக்குள் நரம்பிழைகள் இழுபட்டு அறுந்துபோகும். எலும்பு கூடும். அறுந்த நரம்பிழைகள் கூடுவதில்லை.

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரிக் மேயால் 1998 ஏப்ரலில் டெவனில் தன் வீட்டருகே குவாட் பைக் ஓட்டும்போது விபத்துக்குள்ளானார். தலையில் பலத்த காயம். பல நாள் நினைவு திரும்பவில்லை. பிழைத்து வந்து மறுபடியும் நடித்தார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வலிப்பு நோய் வந்து, அதற்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தலைக்காயம் பட்டுப் பிழைத்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசினால் தெரியும்: ஞாபகம் தவறும், தூக்கம் கெடும், ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும், வாசனை தெரியாமல் போகும். வெளியே காயம் ஆறிவிட்டதால், “நல்லாத்தானே இருக்கான்” என்று ஊர் சொல்லும். பழைய வேலையை மட்டும் அவரால் செய்ய முடியாது.

ஹெல்மெட் என்ன செய்கிறது?

ஹெல்மெட் என்றதும் வெளியே தெரிகிற கெட்டியான ஓடுதான் நினைவுக்கு வருகிறது. உயிரைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதற்கு உள்ளே இருக்கிற தெர்மாகோலுக்கு. புது டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலும் இதே குடும்பம்தான், இது இன்னும் அடர்த்தியானது. மோதும்போது இது நசுங்குகிறது. ஓரிரு மில்லிமீட்டரில் நின்றிருக்க வேண்டிய தலை, இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் மெதுவாக நிற்கிறது. நிற்கும் தூரம் பத்து மடங்குக்கு மேல் கூடினால் தலை தாங்க வேண்டிய விசை அதே அளவுக்குக் குறையும். வெளியே இருக்கிற ஓடு, கூரான கல் உள்ளே இறங்காமல் தடுத்து, அடியைப் பரவலாக்கித் தெர்மாகோலுக்குக் கொடுக்கிறது. இவ்வளவும் நடக்க வேண்டுமானால் ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். அதை அங்கே நிறுத்துவது தாடைப் பட்டை. பட்டை போடாத ஹெல்மெட், ஆள் தரையில் விழுவதற்கு முன்பே கழன்று பறந்துவிடும்.

1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஏடிவி விபத்துகளில் ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும், உயிர் போகாத தலைக்காயங்களை 64 சதவீதமும் குறைப்பதாகக் கணக்கிட்டது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு பொருளிடம் இதைவிட என்ன எதிர்பார்க்க முடியும்?

வாடகை ஹெல்மெட்டைப் புரட்டிப் பாருங்கள்

சாலையில் போகிற இருசக்கர வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ரிசார்ட்டின் பின்பக்கத் தோட்டத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை. அங்கே பலகைமேல் நாலைந்து ஹெல்மெட் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

கையில் எடுத்ததும் முதலில் தலைகீழாகப் புரட்டுங்கள். உள்துணியை விரலால் விலக்கினால் தெர்மாகோல் தெரியும். அதில் வெடிப்போ, ஓரிடத்தில் அமுங்கிய பள்ளமோ இருந்தால் அது ஏற்கெனவே ஓர் அடியை வாங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் கீழே வைத்துவிடுங்கள். ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. பிறகு பட்டை. தையல் பிரிந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். லாக் ‘க்ளிக்’ என்று விழ வேண்டும், பிடித்து இழுத்தால் கழலக்கூடாது. வாடகை ஹெல்மெட்டில் முதலில் போவது இந்த லாக்தான். பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கட்டட வேலைக்குப் போடுகிற மஞ்சள் தொப்பியையும், காதுக்கு மேலேயே நின்றுவிடுகிற சட்டி ஹெல்மெட்டையும் கொடுத்தால் வாங்காதீர்கள். முன்னே தூக்கி எறியப்படும்போது முகம்தான் ஹேண்டில்பாரில் போய் மோதும். தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட்தான் இதற்குச் சரி. கிளையும் தூசியும் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடி மூடி வேண்டும்.

மாட்டிய பிறகு பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தலையை இடவலமாக ஆட்டினால் கன்னத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும். பின்பக்க விளிம்பில் கை வைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள்; கழன்று வந்தால் அளவு பெரிது. பெண்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உயரமாகப் போட்ட கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காராது, கெட்டியான க்ளிப் அடிபடும்போது மண்டையையே குத்தும். முடியைத் தாழப் பின்னிக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் சிக்கும். அவற்றோடு இந்த வண்டியில் ஏறவே வேண்டாம்.

மற்றவர்களின் வியர்வை பட்ட ஹெல்மெட்டைப் போட அருவருப்பாக இருப்பது நியாயம்தான். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு மாட்டலாம். துண்டை மடித்து வைத்தால் அளவு கெட்டுவிடும். ஃபோட்டோவுக்கு முகம் தெரிய வேண்டுமென்றால், இன்ஜினை அணைத்துவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஓடுகிற வண்டியில் ஹெல்மெட்டைக் கழற்றி வீடியோவுக்குச் சிரிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதில் வளைந்து கொடுப்பதில்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏடிவி ஓட்டவும் கூடாது, உடன் போகவும் கூடாது என்கிறது. உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது, கழுத்துத் தசை வலுவற்றது. எடையை மாற்றி வண்டியைத் திருப்ப அந்தச் சிறிய உடம்பால் முடியாது.

நம் ஊர்க்காரர்கள் பாசத்தோடு செய்கிற காரியம், குழந்தையைத் தனக்கு முன்னால் உட்காரவைத்து ஓட்டுவது. வண்டி முட்டி நின்றால் குழந்தைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இடைவெளி இல்லை, பின்னாலிருந்து அப்பாவின் எடை முழுவதும் அதன்மேல் வரும். வாடகைக் கொட்டகையில் குழந்தை அளவுக்கு ஹெல்மெட் அநேகமாக இருக்காது. பெரியவர்களின் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் அது கண்ணை மறைக்கும், கழுத்தில் பாரமாகத் தொங்கும். எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள்.

ஹெல்மெட்டால் முடியாதது

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஆடுமாடு மேய்க்கவும் வேலி பார்க்கவும் குவாட் பைக்தான். அங்கே விவசாயிகள் பலர் தலைக்காயத்தால் மட்டும் இறக்கவில்லை. கவிழ்ந்த வண்டிக்கு அடியில் மாட்டி, நெஞ்சு அழுந்தி, மூச்சுவிட முடியாமல் இறந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நிலத்தில், தூக்கிவிட ஆள் வராமல். அதனால்தான் 2019இல் அந்நாட்டு அரசு ஒரு பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. அதன்படி, பண்ணை வேலைக்கான புதிய குவாட் பைக்குகளில் வண்டி முழுவதுமாக ஆள்மேல் விழாதபடி தடுக்கும் காப்பு வளையம் 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். ஹெல்மெட் காப்பது தலையைத்தான். தனியாகப் போகாமல் இருப்பது, சரிவில் குறுக்கே ஓட்டாமல் இருப்பது, தார் ரோட்டில் ஏற்றாமல் இருப்பது எல்லாம் அதோடு சேர வேண்டும்.

வெயிலில் ஹெல்மெட் போட முடியவில்லை என்று அந்தப் பக்கத்து விவசாயிகளும் சொன்னார்கள். நியூசிலாந்து அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. மெதுவாக ஓட்டும் பண்ணை வேலைக்கென்றே எடை குறைந்த, காற்றோட்டமுள்ள ஹெல்மெட்டுக்கு 2002இல் தனித் தரம் வகுத்தது. வெயில் என்ற காரணத்தை நம் நாட்டிலும் இப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும்.

விழுந்துவிட்டால்

விழுந்தவர் எழுந்து, துணியைத் தட்டிவிட்டு, “ஒண்ணும் இல்லை” என்று சிரிப்பார். அதை நம்பிவிட வேண்டாம். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் சேரும்போது, முதலில் சற்று நேரம் ஆள் தெளிவாகவே இருப்பார். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். நன்றாகத்தான் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். பிறகு தலைவலி ஆரம்பித்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 45.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சு குழறுவது, கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவில் தெரிவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிவான நீர் வடிவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. அறிகுறி இல்லாதவரையும் ஒரு நாள் முழுவதும் தனியாக விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்.

விழுந்தவர் நினைவில்லாமல் கிடந்தால் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பதும் சோடா புகட்டுவதும் வேண்டாம். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு தடைபட்டால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, இன்னொருவர் மெதுவாக உருவ வேண்டும்.

அந்த ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. அது மறுபடி அந்தப் பலகைக்குப் போகக்கூடாது. யாரும் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதபடி தாடைப் பட்டையைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.