கடவுச்சொல்லுக்கு முன்னால் ஒரு விசைப்பலகை

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்த பிறகு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் போய்ப் புதிது வாங்குவது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள நடுத்தரக் குடும்பத்துக்கு இலேசான காரியமல்ல. அந்தப் பழைய பெட்டியில் சுபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டால் அது இன்னும் சில வருடங்கள் உழைக்கும்.

போட்டு முடித்ததும் முதலில் எதிர்ப்படுவது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை. அதன் பின்னால் வேலை செய்யும் தனி நிரல்தான் லொகின் மேனேஜர். எக்ஸ் விண்டோ முறைமைக்காக 1988இல் கீத் பக்கார்ட் எழுதிய எக்ஸ்டிஎம் இந்த வரிசையில் மூத்தது. இன்று இலகு மேசைத்தளங்களோடு பரவலாக வருவது லைட்டிஎம். ரொபர்ட் அன்செல் உருவாக்கிய இது 2011இல் உபுண்டு 11.10இல் சேர்க்கப்பட்டது, 2017இல் வந்த 17.10க்கு முன்பு வரை அங்கேயே இருந்தது.

க்னோம் மேசைத்தளத்தின் லொகின் மேனேஜரான ஜிடிஎம், லொகின் திரையைக் காட்டுவதற்கே க்னோம் ஷெல்லை ஏற்றுகிறது. நினைவகம் குறைந்த கணினிக்கு அது பெரிய சுமை. லைட்டிஎம் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பின்னணிச் சேவை கடவுச்சொல்லைச் சரிபார்த்து அமர்வைத் தொடக்கும். திரையை வரைவது கிரீட்டர் என்ற வேறு நிரல். கிரீட்டருக்கு நிர்வாகி அதிகாரம் கிடையாது. அதில் ஒரு ஓட்டை இருந்தாலும் முழுக் கணினியும் அதன் கைக்குப் போய்விடாது. இலகு என்பதைவிட இந்தப் பிரிவினையே லைட்டிஎம்மின் பெரிய பலம்.

நிறுவுவது சுலபம். உபுண்டு, டெபியன் வழிவந்தவற்றில் ஆப்ட் கட்டளையால் லைட்டிஎம்மையும் ஜிடிகே கிரீட்டரையும் இறக்கலாம். வேறொரு லொகின் மேனேஜர் ஏற்கனவே இருந்தால், எது முதன்மை என்று கேட்கும். தெரிவுசெய்து மறுபடி தொடக்கினால் போதும். அமைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பில் ஒவ்வொரு வரிதான்: பயனர் பட்டியலை மறைக்க ஒன்று, எந்த மேசைத்தளம் திறக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, கடவுச்சொல் கேளாமல் உள்ளே விட ஒன்று. கடைசி வரியை அனெக்ஸில் நாலு பேர் பகிரும் கணினியில் சேர்க்கவே கூடாது.

கொழும்பில் ஆளைத் திணறவைப்பது விசைப்பலகை. லினக்ஸில் 'இலங்கை' என்ற விசைப்பலகையைத் தெரிவுசெய்தால் இயல்பாகக் கிடைப்பது சிங்கள ஒலியியல் அமைப்பு. தமிழுக்கான தமிழ்நெட் 99 அதற்குள் ஒரு துணைவகையாகத்தான் இருக்கிறது. லொகின் திரையில் சிங்களமோ தமிழோ முதல் அமைப்பாக நின்றால், ஆங்கில எழுத்தில் வைத்த கடவுச்சொல் சரியாகத் தட்டினாலும் ஏற்காது. புள்ளிகள் மட்டுமே தெரிவதால் காரணமும் புலப்படாது. ஆகவே ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்து, கிரீட்டரின் மேற்பட்டையில் விசைப்பலகைக் குறியீட்டைத் தோன்றச் செய்வது நல்லது. மும்மொழியும் புழங்கும் வீட்டுக்கு இது அவசியமே.

காலி வீதிக் கொம்யூனிகேஷன் கடை போன்ற இடத்துக்கு, வெளியேறியதும் கோப்புகளை அழித்துவிடும் லைட்டிஎம்மின் விருந்தினர் அமர்வு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் விருந்தினராக நுழைந்தவர் மற்றவர் கோப்புகளை எட்டக்கூடிய குறையொன்று 2017இல் கண்டுபிடிக்கப்பட்டு, உபுண்டு அந்த வசதியையே நிறுத்திவைத்தது. வாடிக்கையாளருக்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றைத் திறப்பதே பாதுகாப்பு.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, ஒரு கணம் திரை கறுத்து, மறுபடி அதே லொகின் திரை வந்தால் லைட்டிஎம்மை உடனே நீக்க வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், வன்தட்டு நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, பயனரின் எக்ஸ்அத்தோரிட்டி கோப்பு தவறுதலாக நிர்வாகியின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். மாறியிருந்தால் உரிமையைப் பயனருக்கே திருப்பிக் கொடுத்தால் மேசைத்தளம் திறக்கும்.