ஒரு போன், ரெண்டு வாசகியர்!

பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, ராத்திரியில் போனில் குடும்ப நாவல் படிப்பார். ஏழாவது படிக்கும் மகளுக்கும் அதே போன் தான். சிறுவர் கதை தேடியவளுக்கு, 'உங்களுக்காக' என்று ஆப் காட்டியதெல்லாம், பெரியவர்கள் படிக்கும் காதல் கதைகள்! பதறிய அக்கா, 'இனி கதையே படிக்க வேண்டாம்' என்று போனைப் பிடுங்கி விட்டார்.

முன்பு படித்ததை வைத்து, அடுத்த கதையை சிபாரிசு செய்யும் ஆப்புக்கு, இப்போது போனை வைத்திருப்பது அம்மாவா, மகளா என்று எப்படித் தெரியும்?

அவரவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என, 1931லேயே நூலக விதி வகுத்தார், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சினிமா பார்க்கும் ஆப்களில், ஆளுக்கொரு பெயர் வைக்க வழி இருக்கிறதே... கதை ஆப் தயாரிப்பவர்களும், திறந்ததும், 'யார் படிக்கப் போறீங்க?' என்று கேட்டு, ஆளுக்கொரு அலமாரி வைக்கலாமே!

தோழியரே... படிக்கும் பழக்கத்தை நிறுத்தாதீர்கள்; பிள்ளை படிக்கும்போது, பக்கத்தில் உட்காருங்கள்!

— ஒரு வாசகி, தாயில்பட்டி.