அளந்து கட்டிய குளமும் ஆழம் தெரியாத குட்டையும்

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டைகளைப் பார்த்திருப்பீங்க. அவற்றின் ஆழம் யாருக்குத் தெரியும்? ஆனால், அனைத்துலகப் போட்டிக்கான குளத்தில் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் உண்டு.

1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையத்தை எடுத்துக்குங்க. நீந்துவதற்கு 50 மீட்டர் குளம், முக்குளிப்புக்குத் தனிக்குளம். 10 மீட்டர் மேடையிலிருந்து குதிப்பவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். அதனால்தான் இத்தகைய குளங்களுக்குச் சுமார் 5 மீட்டர் ஆழம் வைக்கிறார்கள். அசையாத நீரின் மேற்பரப்பு குதிப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது; ஆகவே நீரைத் தெளித்துச் சிற்றலை எழுப்புவார்கள்.

ஈயக்குட்டையில் இப்படி எந்த ஏற்பாடும் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் நீச்சல் கத்துக்கட்டும். பயிற்றுநர் இருக்கும் குளத்தில் கத்துக்கட்டும்.

ஆசிரியர்களே, விளக்கக் கட்டுரையில் அளவை எழுதும் மாணவர் அதன் காரணத்தையும் எழுதப் பழக்குங்கள்.