ஏஎஃப்சி விம்பிள்டன்: இரசிகர் பார்வையில் வரலாறு

ஏஎஃப்சி விம்பிள்டன் தென்மேற்கு இலண்டனைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்துக் கழகமாகும். பதிவேடுகளின்படி இது 2002-இல் தொடங்கப்பட்டது. ஆனால் இதன் இரசிகர் ஒருவரிடம் கேட்டால் 1889 என்றே சொல்வார். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலான வழக்கே இக்கழகத்தின் கதை.

பழைய அணி

1889-இல் உருவான விம்பிள்டன் கழகம் பல பத்தாண்டுகள் அமெச்சூர் அணியாகவே ஆடியது. 1977-இல் கால்பந்து லீக்கில் இடம்பெற்று, ஒன்பதே ஆண்டுகளில் முதல் பிரிவை எட்டியது. 1988 எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் அப்போதைய லீக் வாகையரான லிவர்பூலை 1-0 என வென்றது. லாரி சான்செஸ் தலையால் முட்டி அடித்த கோலும், ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பெசன்ட் தடுத்ததும் இன்றும் பேசப்படுகின்றன. முரட்டு ஆட்டம் என்று மற்றவர்கள் முகம் சுளித்ததையே இரசிகர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டனர்.

சரிவு திடலிலிருந்து தொடங்கியது. முதல் பிரிவுத் திடல்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்ற விதி வந்தபோது, பழைய பிளவ் லேன் திடலை அதற்கேற்ப மாற்ற முடியாது எனக் கருதிய நிர்வாகம், 1991-இல் கிரிஸ்டல் பேலஸ் அணியின் திடலுக்கு வாடகைக்குக் குடிபோனது. சொந்த வீடு இல்லாத அணியை எங்கு வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்ற எண்ணம் உரிமையாளர்களுக்கு ஏற்பட இதுவே வழிவிட்டது எனலாம். 2002 மே 28 அன்று, இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த மூவர் குழு, அணி சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள மில்டன் கீன்சுக்கு இடம்பெயர அனுமதித்தது. மூவரில் இருவர் ஆதரித்தனர், ஒருவர் எதிர்த்தார். அவ்வணி 2004-இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயர் மாறியது.

மீண்டும் அடியிலிருந்து

முடிவு வந்த சில நாட்களிலேயே இரசிகர்கள் தமக்கென ஒரு கழகத்தைத் தொடங்கினர். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க விம்பிள்டன் பொதுவெளியில் திறந்த தேர்வு நடந்தது. சுமார் 230 பேர் வந்தனர். முதல் ஆட்டம் சட்டன் யுனைடெட்டுக்கு எதிரான நட்பு ஆட்டம். அதில் 4-0 எனத் தோற்றனர். ஆனாலும் நான்காயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டிருந்தனர். இங்கிலாந்தின் ஒன்பதாம் அடுக்கில் ஆடவிருந்த ஓர் அணிக்கு வந்த கூட்டம் அது!

2003 முதல் 2004 வரை தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோல்வி காணவில்லை. ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011-இல் லூட்டன் டவுனைப் பெனால்டி உதைகளில் 4-3 என வென்று கால்பந்து லீக்கை அடைந்தது. அன்று இரண்டு உதைகளைத் தடுத்த வாயில்காப்பாளர் செப் பிரவுன், சிறுவயது முதலே விம்பிள்டன் இரசிகர்.

கோப்பை யாருடையது?

1988 வெற்றி எந்த அணியின் கணக்கில் சேரும் என்ற கேள்வி 2007-இல் ஓரளவு தீர்ந்தது. 2004-க்கு முந்தைய வரலாற்றின் மீதான உரிமையை மில்டன் கீன்ஸ் கைவிட்டது. நினைவுப் பொருட்கள் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் உள்ளாட்சியிடம் சேர்ந்தன. மனக்கசப்பு மட்டும் தீரவில்லை. 2012-இல் இரு அணிகளும் முதன்முறையாக மோதியபோது மில்டன் கீன்ஸ் 2-1 என வென்றது. ‘டான்ஸ்’ விம்பிள்டனின் பழைய செல்லப்பெயர் என்பதால், அதை எதிரணியின் பெயரோடு சேர்த்துச் சொல்ல இரசிகர்கள் பலர் இன்றும் மறுக்கின்றனர்.

இன்றைய நிலை

கழகத்தின் பெரும்பான்மை உரிமை இரசிகர்களின் அமைப்பான டான்ஸ் டிரஸ்டிடம் உள்ளது. பழைய திடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிய பிளவ் லேன் எழுந்தது. கட்டுமானப் பணம் போதாதபோது, இரசிகர்கள் கடன் பத்திரங்கள் வாங்கி 50 இலட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டினர். 2020 நவம்பர் 3 அன்று டான்காஸ்டருக்கு எதிரான முதல் ஆட்டம் 2-2 எனச் சமனில் முடிந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகளால் இருக்கைகள் காலியாகவே இருந்தன. 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதை வீட்டில் திரையில்தான் பார்த்தனர்.

2022-இல் நான்காம் அடுக்குக்கு இறங்கிய அணி, 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சாலை 1-0 என வென்று மூன்றாம் அடுக்குக்குத் திரும்பியது. செல்வந்த உரிமையாளர் இல்லாததால் நல்ல ஆட்டக்காரர்களைத் தக்கவைப்பது கடினம் என்ற குறை இரசிகர்களிடையே உண்டு. அணியை விற்றுவிடலாமா என்று கேட்டால், பலர் 2002-ஐ நினைவூட்டுவர்.