மடி இல்லாத ஊர்: குதிரைமனிதர்களை வைத்து ஒரு கற்பனைக் கட்டுரைப் பயிற்சி



சில ஆண்டுகளுக்கு முன் படிவம் நான்கு மாணவி ஒருவர் ஒரு கற்பனைக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. அப்படிப்பட்டவர்கள் வாழும் ஊருக்கு ஒரு பெண் வழி தவறிப் போகிறாள். நடுவில் ஒரு வாக்கியம்: 'அந்த ஊரில் யாருக்கும் மடி கிடையாது.' அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் 'தலைப்புக்குத் தேவையில்லை' என்று எழுதினேன். வருணனை எத்தனை, மரபுத்தொடர் எத்தனை, உவமை எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எல்லாரையும் போல எழுதப் பழகிக்கொண்டார். சில்லென்று காற்று வீசும், பறவைகள் கீச்சிடும், கடைசியில் அம்மா தட்டி எழுப்புவார், எல்லாம் கனவு. நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்.

அந்த வாக்கியம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. மடி என்பது உட்கார்ந்தால்தானே வரும்? குதிரை உடம்பு நிற்கும், படுக்கும். நம்மைப் போலச் சம்மணம் போடாது. மடி இல்லையென்றால் பிள்ளையை எங்கே கிடத்துவது? பூ எங்கே கட்டுவது? புத்தகத்தை எதன்மேல் வைத்துப் படிப்பது? ஒரே வரியில் அவர் ஒரு சமுதாயத்தையே திறந்து காட்டியிருக்கிறார். நான்தான் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவை இந்தக் கட்டுரையில் திறந்து பார்ப்போம்.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் விதி ஒன்றுதான்: பொய் ஒன்று சொல்லலாம், மற்றதெல்லாம் மெய்யாக இருக்க வேண்டும். 'குதிரை உடம்பும் மனித உடம்பும் ஒட்டியிருக்கின்றன' என்பது நம் பொய். அதை யாரும் கேள்வி கேட்க வேண்டாம். இரண்டு நெஞ்சுக்கூட்டில் எத்தனை இதயம் என்று தோண்டினால் கட்டுரை நகராது. ஆனால் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்ட பிறகு பசி, தூக்கம், நகம், படிக்கட்டு எல்லாம் நம் உலகத்துக் கணக்குப்படியே நடக்க வேண்டும்.

இது புதிய விளையாட்டு அன்று. குதிரைமனிதர்கள் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் 'சென்டார்' என்பார்கள். ராசிபலன் பக்கத்தில் தனுசு ராசிக்குப் பல இடங்களில் வில்லேந்திய குதிரைமனிதன் படம் போடுகிறார்களே, அவர் இந்தக் கூட்டம்தான். கதையில் அவர்கள் இருந்த இடம் கிரேக்க நாட்டின் தெசலி, பெலியோன் மலைப்பக்கம். பெரும்பாலோர் முரடர்கள். ஆனால் கைரோன் என்பவர் மட்டும் பேரறிஞர். மாவீரன் அக்கிலீசுக்கும், மருத்துவத்தின் தெய்வமான அஸ்கிளேபியசுக்கும் ஆசிரியர். (நம் தொழிலுக்கு நான்கு கால் முன்னோடி ஒருவர் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

கதையைக் கேட்ட பழங்காலத்தவர்களே குறுக்குக் கேள்வி போட்டிருக்கிறார்கள். பலைபேட்டஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், குதிரையின் தீனி மனித வாய் வழியாகவும் தொண்டை வழியாகவும் எப்படி இறங்கும் என்று கேட்டார். குதிரைமேல் முதன்முதலாக ஏறியவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கட்டிய கதை இது என்பது அவர் முடிவு. ரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் வயதுக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்: மூன்று வயதில் குதிரை முழு வலுவோடு இருக்கும், மனிதப் பிள்ளை இன்னும் தாய்ப்பாலை மறக்காது, இரண்டும் ஒரே உடம்பில் எப்படி ஒத்துப்போகும்? கி.பி. 2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், இவர்கள் ஏணியில் ஏறுவது எப்படி, பாய்மரத்தில் ஏறுவது எப்படி, உட்கார்ந்து செய்யும் கைத்தொழிலெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார். ஏறக்குறைய என் மாணவியின் மடிதான் அது.

இவர்கள் மூவரும் 'ஆகவே குதிரைமனிதன் இல்லை' என்று முடித்தார்கள். நமக்கு அந்த முடிவு வேண்டாம், கேள்வி போதும். 'இருந்தால் எப்படிச் சமாளித்திருப்பார்கள்?' என்று மட்டும் மாற்றிக்கொள்வோம்.

முதலில் சாப்பாடு. 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு ஏறக்குறைய 16,000 கிலோகலோரி வேண்டும். நமக்கு ஏறக்குறைய 2,000. ஆக ஒரு குதிரைமனிதர் எட்டுப் பேர் சாப்பாடு சாப்பிடுவார். குதிரை இதைப் புல்லாகவே தின்று தீர்க்கிறது; அதற்காக ஒரு நாளில் பெரும்பொழுதை மேய்வதிலேயே கழிக்கிறது. அதன் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டிருக்கும். நம் பல் அப்படி இல்லை. மனித வாயை வைத்துக்கொண்டு புல்லை அரைத்தால் சில ஆண்டுகளில் பொக்கை வாய்தான். ஆகவே அவர்களுக்குச் சமைத்த தானியம் வேண்டும். அரிசியாகவே கணக்குப் போட்டால் ஒருவருக்கு நாளுக்கு நாலரைக் கிலோ. நாம் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பை இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது பின்வரிசைப் பையன் ஒருவன், "ஐயா, அப்போ அவுங்க அம்மா பாவம்யா!" என்றான். கட்டுரைக்கு வேண்டிய முதல் பாத்திரம் கிடைத்துவிட்டது.

இந்த ஒரு கணக்கிலிருந்து ஊரே வளரும். 500 பேர் வாழும் கிராமத்துக்கு 4,000 பேருக்கான விளைச்சல் வேண்டும். அதனால் ஊர்கள் சின்னதாக, தள்ளித் தள்ளி இருக்கும். ஊரின் நடுவில் கோயிலோ அரண்மனையோ வருவதற்கு முன்பே களஞ்சியம் வந்துவிடும்; அதன் சாவியை வைத்திருப்பவரே பெரியவர். கல்யாணத்துக்கு 300 பேரை அழைத்தால் 2,400 பேருக்குச் சமைக்க வேண்டும். ஆகவே விருந்துக்கு அழைப்பது அங்கே பெரிய மரியாதை, அழைக்காமல் விடுவது சண்டைக்குக் காரணம். கிரேக்கக் கதையிலும் குதிரைமனிதர்கள் கலாட்டா செய்தது ஒரு கல்யாண வீட்டில்தான்.

என்ன பயிரிடுவார்கள்? நெல் என்று எழுதிவிடாதீர்கள். நின்றபடி அவர்கள் கை தரைக்கு எட்டாது. முன்னங்காலை மடக்கிக் குனியலாம், ஆனால் நாள் முழுக்கச் சேற்றில் அப்படி நாற்று நட முடியாது. மக்காச்சோளம், கம்பு மாதிரி உயர்ந்து வளரும் பயிர்தான் வசதி. ரம்புத்தான் பறிக்கலாம், கீழே விழுந்த டுரியானைப் பொறுக்க யாராவது வேண்டும். கருவிகளுக்கெல்லாம் நீளமான கைப்பிடி இருக்கும், நம் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும் நீளக் கழி அரிவாள் போல.

அடுத்தது பிள்ளை வளர்ப்பு. என் வகுப்பில் அதிக நேரம் போவது இதில்தான். குதிரைக்குட்டி பிறந்து ஓரிரண்டு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், அன்றைக்கே ஓடும். மனிதக் குழந்தைக்குக் கழுத்து நிற்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். இரண்டையும் ஒட்டிப் பாருங்கள். ஓடத் தெரிந்த கால், நிற்காத தலை, 'போகாதே' என்றால் புரியாத மூளை. இதைத் தாய் ஒருத்தியால் சமாளிக்க முடியாது. ஊரே சேர்ந்து ஒரு வேலி போட வேண்டும். வயதானவர்களும் அக்கா அண்ணன்மார்களும் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். நாம் பிள்ளைக்கு 'அம்மா, அப்பா' சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் முதலில் சொல்லிக் கொடுக்கும் சொல் 'நில்' என்பதாக இருக்கும். அங்கே பள்ளிக்கூடம் எழுத்துக்காகத் தோன்றியிருக்காது, வேலிக்காகத் தோன்றியிருக்கும்.

அப்புறம் குளம்பு. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். கரடுமுரடான நிலத்தில் நாளெல்லாம் நடந்தால் தானாகத் தேயும். ஓரிடத்தில் கட்டிப்போட்ட பண்ணைக் குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். விட்டால் நடை கெடும், நொண்டும். இப்போது யோசியுங்கள்: ஒரு குதிரைமனிதரால் தம் பின்னங்காலைத் தாமே சீவ முடியுமா? கை எட்டாது. எவ்வளவு பெரிய வீரரானாலும் இன்னொருவரிடம் காலை நீட்டித்தான் ஆக வேண்டும். நாடோடியாகத் திரிந்த காலத்தில் இந்தக் கவலை குறைவு. களஞ்சியம் கட்டி ஓரிடத்தில் தங்கியதும் குளம்பு சீவும் தொழில் பிறக்கிறது. சீவிய குளம்போடு நடப்பவர் கணக்குப் பிள்ளை, தேய்ந்த குளம்போடு நடப்பவர் கூலியாள் என்று பார்த்ததும் தெரியும். குற்றவாளிக்குச் சிறை தேவையில்லை; 'இவன் காலை யாரும் தொடக்கூடாது' என்றால் போதும். நான் எழுதுவதாக இருந்தால் கதைச் சிக்கலை இங்கேதான் வைப்பேன். குளம்பு சீவுபவரின் மகளும் ஊர்விலக்கு செய்யப்பட்ட ஒருவரும், இரவு நேரத்தில்.

வண்டி கண்டுபிடித்தால் அதை இழுப்பது யார் என்பதும் இதே போன்ற கேள்வி. நாம் பாரத்தைக் குதிரைமேல் ஏற்றிவிட்டோம். அவர்கள் மாட்டைப் பழக்கலாம். பழக்காவிட்டால் தம்மில் ஏழைகளையே பூட்டுவார்கள். பெரிய வகுப்பு மாணவர்கள் விவாதிக்க ஏற்ற இடம்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்க வேண்டும். கூட்டத்தில் சில படுத்தால் ஒன்றாவது நின்று காவல் காக்கும். 500 கிலோ உடம்போடு படுத்தவர் சட்டென்று எழுந்து ஓட முடியாதே! ஆகவே ஒருவர் முன்னால் படுப்பது என்றால் அவரை முழுக்க நம்புவதாகப் பொருள். நாம் மரியாதைக்கு எழுந்து நிற்கிறோம். அவர்கள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள், அன்புக்குப் படுப்பார்கள்.

இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு தூரம் முன்னேறுவார்கள்? மனித வரலாற்றில் குதிரை தாமதமாகத்தான் கைக்கு வந்தது. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் வோல்கா, டோன் ஆற்றுப் பகுதிப் புல்வெளிகளிலிருந்து பரவின என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் 'யாம்' என்ற அஞ்சல் நிலையங்களை வைத்து, குதிரை மாற்றிக் குதிரை ஏறிச் செய்தி அனுப்பிப் பேரரசை ஆண்டார்கள். குதிரைமனிதருக்கு அந்த வேகம் பிறவியிலேயே உண்டு. புல்வெளி முழுக்க ஒரே மொழி, ஒரே சட்டம் சீக்கிரமே பரவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் காடு, மலை, கடல் மூன்றும் அவர்களுக்குச் சுவர். சுரங்கத்தில் இறங்குவது கடினம். ஆகவே உலோகம் தாமதம். கப்பலில் பாய்மரம் ஏற ஆளில்லை. ஆகவே தீவுகள் காலி. பத்துமலையின் 272 படிகளில் தட்டுத்தடுமாறி ஏறினாலும் இறங்குவதுதான் பாடு. செனபோன் என்ற கிரேக்கர் எழுதிய நூலில் ஒரு பாத்திரம், குதிரைமனிதனாக இருப்பதைவிடக் குதிரை ஏறுபவனாக இருப்பதே மேல் என்கிறது. காரணம் எளிது: ஏறுபவன் வேண்டும்போது இறங்கிக்கொள்ளலாம்.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனி விருந்து ஒன்று உண்டு. அந்த ஊர் தமிழ் பேசினால் நம் மரபுத்தொடர்கள் என்ன ஆகும்? 'நாற்காலி' என்றால் இருக்கை என்றா நினைப்பார்கள்? 'உட்கார்ந்து பேசித் தீர்ப்போம்' எப்படி மாறும்? 'அவருக்கு என் காலைக் கொடுப்பேன்' என்பது அங்கே நம்பிக்கையைக் குறிக்கும் தொடராகலாம். மனப்பாடம் செய்த மரபுத்தொடரின் பொருள் மாணவருக்கு உண்மையிலேயே தெரியுமா என்பது இந்தப் பயிற்சியில் வெளிப்பட்டுவிடும்.

தேர்வு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கொட்டாதீர்கள். இரண்டை எடுங்கள், அவை ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையில் மோதட்டும். கலோரி, கிலோ கணக்கெல்லாம் உங்கள் வரைவுத்தாளோடு நிற்கட்டும். ஒரு மாதிரிப் பத்தி:

'தம்பி பிறந்த அன்று வேலியின் கதவைப் பாட்டி இரண்டு முறை சோதித்தார். அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தலை இப்படியும் அப்படியும் ஆடியது. ஆனால் கால்கள் மட்டும் எங்கேயோ போக அவசரப்பட்டன. அம்மா களைத்துப் படுத்திருந்தார். நான் அவன் முன்னால் நின்று, "நில்" என்றேன். அவன் என் மார்பில் வந்து மோதினான். மறுபடி, "நில்" என்றேன். ஆறாம் நாள் நின்றான். அப்போது களஞ்சியத்தின் பக்கமிருந்து அப்பா வரும் சத்தம் கேட்டது. நான்கு குளம்புச் சத்தத்தில் ஒன்று மட்டும் பிந்தி ஒலித்தது. அவர் காலை மூன்று மாதமாக யாரும் தொடவில்லை.'

வேலி, குளம்பு என்று இரண்டே செய்திகள்தான் இதில் இருக்கின்றன. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்று படிப்பவர் கேட்பார்.

வகுப்பில் செய்ய இரண்டு பாடவேளை போதும். முதல் வேளையில் பலகையில் குதிரைமனிதரை வரைந்துவிட்டு, மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் ஒரு செய்தி சொல்ல, மற்றவர் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்க வேண்டும். ஐந்து 'அப்புறம்' தாண்டினால் கட்டுரைக்குச் சரக்கு வந்துவிடும். இரண்டாம் வேளையில் எழுதட்டும். திருத்தும்போது, தொடர்பில்லாதது போல் தோன்றும் வாக்கியத்தை உடனே அடிக்காமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு, எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்த தவணைக்கு என் வகுப்புக்குக் கொடுக்க வைத்திருக்கும் தலைப்பு கடற்கன்னிகளின் நகரம். தண்ணீருக்குள் நெருப்பு கிடையாது. நெருப்பு இல்லையென்றால் சமையல் இல்லை, பானை இல்லை, இரும்பும் இல்லை. அப்புறம்?